சிங்கி இறாலும் வயலின் வில்லும்

தண்டையார்பேட்டை வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் மகன் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் படிக்கிறான். அங்கே கார்ன் எக்ஸ்சேஞ்ச் என்றொரு அரங்கு உண்டு. பெயரே சொல்வதுபோல் ஒரு காலத்தில் தானியச் சந்தை, 1875இல் கட்டியது. இப்போது அதில் சீசன்தோறும் பெரிய இசைக்குழுக்கள் வந்து சிம்பொனி வாசிக்கின்றன. மகன் போய்விட்டு வந்து அம்மாவுக்கு ஃபோனில் எல்லாம் சொல்லியிருக்கிறான். அம்மாவின் கேள்வி இது: "என் மகள் வீணை கற்றுக்கொள்கிறாள். ஒரு தடவை மீட்டினால் நாதம் கொஞ்ச நேரத்தில் தேய்ந்துவிடுகிறது. வயலினில் மட்டும் வில் நகர்கிற வரைக்கும் நாதம் நிற்கிறதே, அந்த வில்லில் அப்படி என்னதான் இருக்கிறது?"

இதைப் படித்ததும் எனக்குக் காசிமேடுதான் ஞாபகம் வந்தது.

சின்ன வயதில் அப்பாவோடு விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவேன். ஒரு நாள் கூடையில் உயிரோடு கிடந்த சிங்கி இறால் ஒன்றை முதுகைப் பிடித்துத் தூக்கினேன். 'கர்ர்ர், கர்ர்ர்' என்று அது சத்தம் போட்டது. கையில் அதிர்வு தெரிந்தது. பயந்துபோய் நின்றேன். பக்கத்தில் மீன் கூறு போட்டுக்கொண்டிருந்த ஆயா, "அது அழுவுதுடா, பாவம். கீழ வை, இல்லாட்டி ஊட்டுக்கு ஆவாது" என்றார். கல்லூரிக்குப் போகும்வரை, இறால் அழும் என்றும் அந்த அழுகை வீட்டுக்கு ஆகாது என்றும் நம்பிக்கொண்டிருந்தேன். ஆயாவைக் குறை சொல்லமாட்டேன். அவருக்கு அந்தச் சத்தத்தின் காரணத்தைச் சொல்ல அன்றைக்கு யாராலும் முடிந்திருக்காது. 2001இல்தான் ஷீலா பாடெக் என்ற அமெரிக்க உயிரியலாளர் அதை விளக்கி எழுதினார். சிங்கி இறால் வயலின் வாசிக்கிறது! அதன் மீசையின் அடியில் ரப்பர் போன்ற மென்மையான ஒரு பகுதி இருக்கிறது. கண்ணுக்குக் கீழே நுண்ணிய மேடுகள் கொண்ட ஒரு பட்டை இருக்கிறது. மீசையை அசைக்கும்போது முன்னது பின்னதன்மேல் ஒட்டும், வழுக்கும், மறுபடி ஒட்டும், மறுபடி வழுக்கும். அதுதான் அந்தக் 'கர்ர்ர்'. சட்டை உரித்து ஓடு மெத்தென்று இருக்கும் நாள்களில்கூட இந்தச் சத்தத்தை எழுப்பி எதிரியை விரட்ட முடியும்.

வில்லிலும் இதேதான் நடக்கிறது. ஒட்டுதல், வழுக்குதல்.

பள்ளிப் பாடத்தை ஒரு வரியில் நினைவுபடுத்திக்கொள்வோம். நிற்கிற பொருளை நகரவிடாமல் பிடித்துவைக்கும் உராய்வு விசை அதிகம். நகரத் தொடங்கிவிட்டால் அது குறைந்துவிடும். கனமான பீரோவைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பேசின் பிரிட்ஜ் பக்கம் வளைவில் திரும்பும் மின்சார ரயில் கிறீச்சிடுவதும் இந்த வித்தியாசத்தால்தான். சக்கரம் தண்டவாளத்தைப் பற்றும், பக்கவாட்டில் வழுக்கும், மறுபடி பற்றும். வில்லில் கட்டியிருப்பது குதிரை வால்முடி. முடியில் உள்ள செதில்கள்தான் தந்தியைப் பிடிக்கின்றன என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியில்லை. புது வில்லை அப்படியே தந்தியில் இழுத்துப் பாருங்கள், சத்தமே வராது. பைன் மரத்துப் பிசினிலிருந்து டர்பென்டைனை வடித்து எடுத்தபின் மிஞ்சும் ரோசின் கட்டியைத் தேய்த்தால்தான் வில் பேசும். ரேடியோ மெக்கானிக் பற்றவைக்கும்போது தொட்டுக்கொள்கிறாரே, அதே சரக்கு.

சரி, ஒட்டுகிறது, வழுக்குகிறது. அப்படியானால் ரயில் சக்கரம் கிறீச்சிடுகிறது, வயலின் மட்டும் ஏன் பாடுகிறது? எப்போது ஒட்ட வேண்டும், எப்போது விட வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

ஒலிக்கிற தந்தியை வெறும் கண்ணால் பார்த்தால் நடுவில் உப்பி, இரு முனையும் கூராகச் சிறுத்த வடிவம் மங்கலாகத் தெரியும். தந்தி முழுவதும் வில்லாக வளைந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஜெர்மானிய மருத்துவரும் இயற்பியலாளருமான ஹெல்ம்ஹோல்ட்ஸ் அப்படி நினைத்து விட்டுவிடவில்லை. தந்தியில் ஒரே ஒரு மாவுத் துணுக்கை ஒட்டினார், துணிக்குக் கஞ்சி போட உதவும் ஸ்டார்ச்தான். அதிரும் இசைக்கவையின் (தட்டினால் ஒரே சுரத்தில் ஒலிக்கும் கவைக்கம்பி) நுனியில் நுண்ணோக்கியின் லென்ஸைப் பொருத்தி, அந்தத் துணுக்கின் ஓட்டத்தைப் பார்த்தார். 1863இல் வெளியான அவர் நூலில் இருக்கிறது விடை. எந்தக் கணத்திலும் தந்தி வளைந்திருப்பதே இல்லை. அது இரண்டு நேர்கோடுகள், அவை சந்திக்கும் இடத்தில் கூர்மையாக ஒரு முனை. அந்த முனைதான் ஓடிக்கொண்டே இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் உப்பல், முனை ஓடிய பாதை மட்டுமே.

கொடிக்கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் மேடு ஒன்று ஓடிப்போய்க் கம்பியில் மோதித் திரும்பி வரும் இல்லையா? அதைப் போலத்தான். வில் தந்தியைப் பற்றித் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. அந்த நேரத்தில் முனை, வாசிப்பவரின் விரல் பக்கம் ஓடிப்போய் மோதித் திரும்புகிறது. வில் இருக்கும் இடத்துக்கு வந்ததும் தந்தியை வெடுக்கென்று உலுக்குகிறது. ரோசினின் பிடி விட்டுவிடுகிறது, தந்தி பின்னோக்கி வழுக்குகிறது. முனை அடுத்த பக்கம் இருக்கும் குதிரையில், அதாவது தந்தியைத் தாங்கி நிற்கும் மரத்துண்டில், மோதித் திரும்பி மறுபடி வில்லைத் தாண்டும்போது, வில் தந்தியைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் மறுபடி அதே சுற்று. ஆக, எப்போது விட வேண்டும் என்று வில்லுக்குச் சொல்வது தந்திதான். அதனால்தான் வில்லை வேகமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும் சுருதி மாறுவதில்லை. தந்தியின் நீளமும் இழுவிசையும் எடையும் முனையின் பயண நேரத்தை நிர்ணயிக்கின்றன. அதிர்வில் போகிற ஆற்றலை வில் ஒவ்வொரு சுற்றிலும் ஈடுகட்டிவிடுகிறது. வீணைக்கு ஒரு மீட்டோடு கிடைப்பது வயலினுக்கு விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை கிடைக்கிறது.

எத்தனை முறை என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். மேற்கத்திய இசைக்குழுக்கள் பொதுவாகச் சுருதி சேர்க்கும் 'ஏ' சுரம் விநாடிக்கு 440 அதிர்வுகள். வயலின் தந்தி ஏறத்தாழ 32.5 செ.மீ. போக வர 65 செ.மீ. 440 முறை என்றால் விநாடிக்கு 286 மீட்டர், மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்! பயணிகள் விமானத்தை முந்தும் வேகத்தில் ஒரு முனை, ஒரு முழத்துக்கும் குறைவான தந்திக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. குதிரையிலிருந்து தந்தியின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு தள்ளி வில்லை வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒன்பது பங்கு நேரம் ஒட்டுதல், ஒரு பங்கு வழுக்கல்.

ரோசின் ஏன் இவ்வளவு நேர்த்தியாக ஒட்டி விடுகிறது என்பதற்கான விடையில் ஒரு பகுதி, வாசகியின் மகன் இருக்கும் அதே கேம்பிரிட்ஜில் கிடைத்தது. அங்குள்ள பொறியியல் துறையின் ஜிம் உட்ஹவுஸும் அவரோடு ஆய்வு செய்தவரும் 2000இல் எழுதினார்கள்: வழுக்கும் கணத்தில் உராய்வுச் சூட்டால் ரோசின் படலம் இளகிப் பிடி தளர்கிறது, ஒட்டியிருக்கும் நேரத்தில் ஆறி இறுகுகிறது.

ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கும் உட்ஹவுஸுக்கும் நடுவில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, 1907இல் கல்கத்தாவில் அரசுக் கணக்குத் துறை அதிகாரியாகச் சேர்ந்தவர். ஆபீசுக்கு முன்னாலும் பின்னாலும் அவர் போய் உட்கார்ந்த ஆய்வுக்கூடம், மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் நன்கொடை திரட்டி 1876இல் தொடங்கியது. ஆம், சி.வி. ராமன்தான். ஒளிச்சிதறலுக்கு நோபல் பரிசு வாங்கியதை எல்லோரும் அறிவோம். வில்லால் அதிரும் தந்திகளைப் பற்றி 1918இல் அவர் ஒரு முழு நூலே எழுதியதைப் பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. வில்லின் வேகத்தையும் அழுத்தத்தையும் அளந்து மாற்றக்கூடிய இயந்திரம் ஒன்றை உருவாக்கி வயலினை வாசிக்கவைத்தார். குதிரைக்கு அருகே போகப் போக வில்லை அதிகம் அழுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் நாதம் உடைந்துவிடும் என்று அளந்து காட்டினார்.

இதனால் என்ன பயன் என்று கேட்டிருந்தால் ராமனால் அன்று எதுவும் சொல்லியிருக்க முடியாது. இறாலின் மீசையை ஆராய்ந்தவராலும்தான். இன்று நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்தால் முதல் கேள்வியே பயன் என்ன என்பதுதான். இது என்னை உண்மையாகவே வருத்துகிறது. நான் படித்த பள்ளியில் சுரமானி ஒன்று இருந்தது, இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வை அளக்கும் கருவி. கண்ணாடி அலமாரியில் பூட்டியே கிடந்தது, தேர்வு நாளில் மட்டும் வெளியே வந்தது. அந்தக் கம்பியில் ரோசின் தடவிய வில்லை ஒரு தடவை இழுக்கவிட்டிருந்தால் எங்களில் நாலு பேராவது இயற்பியல் பக்கம் வந்திருப்போம். வடசென்னையில் ஒவ்வொரு அரசுப் பள்ளி ஆய்வகத்துக்கும் ஒரு மலிவு வயலின் வேண்டும் என்று நான் கேட்பேன்.

அதைக் கேட்க நமக்கு ஒரு தனி உரிமையும் இருக்கிறது. இன்று சுத்திகரிப்பு ஆலையை வைத்து அடையாளம் சொல்கிற மணலியில், முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் சின்னையா முதலியாரின் ஆதரவில் வாழ்ந்தது. அண்ணனும் தம்பியும் கோட்டைக்குப் போய் ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டார்கள். அண்ணனிடமிருந்து நோட்டுஸ்வரங்கள், அதாவது அந்த மேற்கத்திய மெட்டுகளில் அமைந்த பாடல்கள், வந்தன. தம்பி பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக் கர்நாடக இசைக்குள் அதைக் கொண்டுவந்தார்.

மைக் இல்லாமல் அரங்கம் எப்படி நிறைகிறது என்றும் வாசகி கேட்டிருந்தார். பதினாறு வயலின்கள் சேர்ந்தால் ஒலியின் அளவு 12 டெசிபெல் கூடும். காதுக்கு அது ஒரு வயலினைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல்தான். பதினாறு பேரின் சுருதியும் மயிரிழை அளவு விலகியிருப்பதால் கிடைக்கும் செழுமைதான் பெரிய லாபம்.

மகன் அடுத்த கச்சேரிக்குப் போகும்போது முன்வரிசையில் இருப்பவரின் வலது கையைக் கவனிக்கச் சொல்லுங்கள். இசை மெல்லத் தொடங்கிப் பெருகும் இடத்தில் வில் வேகமெடுக்கும், கூடவே குதிரையை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். வில்லின் மேலிருக்கும் ஆள்காட்டி விரல் அழுந்துவதும் தெரியும், ராமன் அளந்த அதே அழுத்தம். எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று பார்த்து உங்களுக்குச் சொல்லட்டும். எனக்கும் எழுதுங்கள்.