ரிகர்சல் அறையில் காதைக் காப்போம்

பருவம் முடியப்போகிறது என்றால் இசைக் கல்லூரிகளில் மாணவர் குழுக் கச்சேரிகள் வரிசை கட்டும். கொயர், ஸ்ட்ரிங்ஸ், பிராஸ் (டிரம்பெட் போன்ற பித்தளை ஊதுகருவிகள்), நாதஸ்வரம் தவில் என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மாலை. அதற்கு முந்தைய நாட்களில் பிள்ளைகள் காலை முதல் இரவு வரை ரிகர்சல் அறையே கதி என்று கிடப்பார்கள். செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டான என்னிடம் அவர்கள் அதிகம் வருவதும் அப்போதுதான்.

"காதுல ஙொய்னு கேட்டுட்டே இருக்கு. தூங்கி எழுந்தா சரியாயிடுது" என்பார்கள். சரியாகிவிடுகிறதே என்று விட்டுவிடுவதுதான் எனக்குக் கவலை. உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000தான். களைத்துப்போனால் தேறிவிடும். செத்துவிட்டால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

வயலின் படிக்கும் ஒரு மாணவி வந்திருந்தார். ரிகர்சலில் அவருக்கு நேர் பின்னால் டிரம்பெட் வரிசை. டியூனர் சுருதி சரி என்று காட்டுகிறது, ஆனால் அதே ஸ்வரம் இடது காதில் கொஞ்சம் ஏறிக் கேட்கிறது என்றார். எந்தக் காதை நம்பி விரல் வைப்பது என்று கேட்டபோது கண் கலங்கிவிட்டது. எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம், இடது காதில் இன்னும் ஆழமாக. அதாவது அந்த உயர்ந்த ஒலிகள் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. வயலின் இடது காதுக்கு அடியிலேயே ஒலிக்கும் கருவி. அதோடு பின்னாலிருந்து வந்த சத்தமும் சேர்ந்துகொண்டது.

பெற்றோர் பலர் கச்சேரி அன்றைக்குத்தான் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது ரிகர்சலுக்கு. அரங்கம் பெரிது, கச்சேரியும் சீக்கிரம் முடிந்துவிடும். ரிகர்சல் அறையோ சிறியது, கூரை தாழ்வு, ஏசிக்காகக் கதவு ஜன்னல் எல்லாம் மூடியிருக்கும், அதே உச்சப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியாஷ் (NIOSH) நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் 1 மணி நேரம், 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். முழு வீச்சில் ஊதும் பிராஸுக்கு முன்னால் 100 டெசிபல் சர்வசாதாரணம்.

லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் 2012இல் வாக்னர் இசைநாடக ரிகர்சலின்போது பிராஸ் குழுவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய கருவி) கலைஞர் கிறிஸ்டோபர் கோல்ட்ஷைடரின் செவி பாதிக்கப்பட்டது. 2018இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவருக்கு இயர் பிளக் கொடுத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இருக்கை அமைப்பே தவறாக இருந்தால் பிளக் மட்டும் காப்பாற்றாது.

ஆகவே முதல் வேண்டுகோள் ஆசிரியர்களுக்கு. பிராஸைப் படிமேடையில் ஏற்றுங்கள், சத்தம் முன்வரிசைத் தலைகளுக்கு மேலே போகட்டும். இடம் விட்டு உட்காரவையுங்கள். முழு சத்தம் கடைசி ஓட்டங்களுக்குப் போதும். நுழைவும் தாளமும் பழக அது தேவையே இல்லை.

அப்புறம் இயர் பிளக். காதில் பஞ்சு வைப்பது பெரிய பாதுகாப்பு இல்லை. ஃபோம் பிளக் மேல் ஸ்தாயியை அதிகம் அமுக்குவதால் இசை மங்கிவிடும், பிள்ளைகளும் கழற்றிவிடுவார்கள். இசைக்கலைஞர்களுக்கென்றே ஃபில்டர் வைத்த பிளக் உண்டு, 9, 15, 25 டெசிபல் அளவுகளில். காது அளவெடுத்துச் செய்தால் எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். பாடுபவர்களுக்கும் ஊதுபவர்களுக்கும் முதலில் தன் ஒலியே மண்டைக்குள் முழங்கும். கொஞ்சம் ஆழமாகப் பொருத்தினால் அது குறையும். பழகவே சில வாரம் ஆகும் என்பதால் கச்சேரி அன்று புதிதாக மாட்டிக்கொண்டு மேடையேற வேண்டாம்.

ரிகர்சல் முடிந்து பஸ்ஸில் இயர்போன் மாட்டி அதே பாட்டைச் சத்தமாகக் கேட்பதும் அன்றைய கணக்கில்தான் சேரும். கல்லூரியில் சேரும்போதே ஒரு ஆடியோகிராம் எடுத்து வைத்தால், பின்னால் என்ன குறைந்தது என்று ஒப்பிட முடியும்.

காதுக்குள் கேட்கும் அந்த ஙொய் இரைச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் பரிசோதனைக்கு வாருங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் கச்சேரி முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதற்குத் தரும் ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.