ஆய்வுக்குத் தகவல் வேண்டுமா? கல்லூரிக் கடிதம் தேவையில்லை

சமூகப் பணி, சமூகவியல், வரலாறு படிக்கும் இளங்கலை மாணவர்கள் இறுதியாண்டு ஆய்வுக்காக அரசு அலுவலகத்தில் ஒரு கணக்கைக் கேட்டால், "கல்லூரிக் கடிதம் இருக்கிறதா?" என்பார்கள். கடிதத்தோடு போனால் "மேலிடத்து அனுமதி வேண்டும்" என்பார்கள். அதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கும்போது இந்த அலைச்சல் எதற்கு? மனு போட்டுத் தகவல் கேட்பவரிடம் காரணம் கேட்கக் கூடாது என்று அதன் பிரிவு 6(2) சொல்கிறது. கட்டணம் 10 ரூபாய். தமிழக அரசு அலுவலகம் என்றால் மனுவில் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டினால் போதும்.

பல மனுக்கள் விழுவது முகப்பிலேயே. கல்லூரி லெட்டர்பேடில், துறையின் பெயரில் எழுதாதீர்கள். உரிமை குடிமக்களுக்குத்தான், நிறுவனத்துக்கு இல்லை என்று திருப்பிவிடுவார்கள். சொந்தப் பெயரில், வீட்டு முகவரியோடு எழுதுங்கள்.

அடுத்த பள்ளம் கேள்வியில் இருக்கிறது. "விடுதியில் காப்பாளரை ஏன் நியமிக்கவில்லை?" என்று கேட்டால், விளக்கம் தருவது தங்கள் வேலையல்ல என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். சமூக நீதி விடுதி என்று பெயர் மாறிய அரசு விடுதிகளைப் பற்றிய ஆய்வா? அனுமதிக்கப்பட்ட இடங்கள், தங்கியிருப்பவர் எண்ணிக்கை, காலிப் பணியிடங்கள், உணவுச் செலவுப் பதிவேட்டின் நகல் என ஆண்டைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். மாணவர் பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவல் என்று மறுப்பதற்கு நீங்களே வழி காட்டுவதாகிவிடும். "தகவல் தொகுக்கப்படவில்லை" என்பது அலுவலகங்களுக்குப் பிடித்த பதில். பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும் என்று முதல் மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதுவும் சட்டம் தரும் உரிமைதான்.

"எங்கள் துறை இல்லை" என்று மனுவைத் திருப்பி அனுப்பவும் கூடாது. உரிய அலுவலகத்துக்கு 5 நாட்களுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும், பிரிவு 6(3).

பதிலுக்குக் கெடு 30 நாட்கள். நகல் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்தால் அன்றே கட்டுங்கள். நீங்கள் கட்டும்வரையிலான நாட்கள் அவர்களின் கெடுவில் சேராது. கெடு தாண்டினால் தகவல் இலவசம். பதிலே இல்லையென்றால் அடுத்த 30 நாட்களுக்குள், அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்கும் மேல் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே விசாரணைத் தேதி வருவதற்குள் பட்டமளிப்பு விழாவே நடந்துவிடலாம். ஆகவே தலைப்பு உறுதியான வாரமே மனுவை அனுப்புங்கள், நேரில் கொடுத்தால் தேதியிட்ட முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.