பிளேனில் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று அம்மாவுக்கு யார் சொன்னது?

இந்த மாதம் இன்னொரு அம்மா. கனடாவில் மகளின் பிள்ளைப்பேறு பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வந்து மூன்றாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கிவிட்டது. பயண அலுப்பு, நரம்பு பிரண்டிருக்கும் என்று வீட்டில் நல்லெண்ணெய் சூடாக்கி உருவிவிட்டிருக்கிறார்கள். மூச்சு முட்டத் தொடங்கிய பிறகுதான் வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார்கள். காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இனி மாதக்கணக்கில் குளிசை, கிளினிக்.

எப்படிப் பயணம் செய்தீர்கள் என்று கேட்டேன். நான் பலமுறை கேட்ட அதே பதில்: "பிளேன்ல தண்ணியே குடிக்கல்ல மனே. குடிச்சா ஒண்ணுக்குப் போகணும். பக்கத்துல இருந்த வெள்ளைக்காரன எப்படி எழுப்புற?"

மட்டக்களப்பிலிருந்து வெளிநாடு போகும் அம்மாமார் பலருக்கும் இந்த யோசனையை யாரோ ஊட்டிவிடுகிறார்கள். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் கழிவறைக்குப் போகத் தேவையில்லை, போகாவிட்டால் ஒருவருக்கும் கரைச்சல் இல்லை, அசையாமல் கண்ணை மூடிக்கொண்டு இருந்தால் பயணம் சுகமாக முடியும். சிலர் இதற்காக முதல்நாள் பகலிலிருந்தே தண்ணீரைக் குறைக்கிறார்கள். அதைவிட மோசம், இதய வருத்தத்துக்கும் பிரஷருக்கும் கொடுத்த, சலம் போகும் குளிசையைத் தாங்களாகவே இரண்டு நாள் நிறுத்திவிடுகிறார்கள். போய் இறங்கும்போது நெஞ்சில் நீர் கோத்து மூச்சிழுக்கிறது. அந்தக் குளிசையை எந்த நேரத்துக்கு மாற்றிப் போடலாம் என்று உங்கள் டொக்டரிடம் கேளுங்கள், சொல்லித் தருவார். நிறுத்தாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. நம்முடைய வாவிக்கரைக் காற்றில் வாழ்ந்த உடம்புக்கு அது கடும் வறட்சி. தொண்டை காய்கிறது, தலை இடிக்கிறது, மலம் இறுகுகிறது, எழும்பினால் தலை சுற்றுகிறது. சலத்தை அடக்கி வைத்தால் சலக்கடுப்பு. நீரிழிவுக்காரர் என்றால் சீனியும் ஏறுகிறது. இதெல்லாம் ஒரு பக்கம். தண்ணீர் குடிக்கச் சொல்வதற்கு எனக்கு வேறொரு பெரிய காரணமும் உண்டு: குடித்தால் எழும்ப வேண்டி வரும். நீங்கள் எழும்ப வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் அசையாமல் இருக்கும் காலில்தான் இரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. எந்தச் சிரமத்தைத் தவிர்க்கப் பார்க்கிறீர்களோ, அந்தச் சிரமம்தான் உங்கள் காலைக் காப்பாற்றுகிறது. பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள். அவரும் எழும்புவது அவருக்கும் நல்லதுதான். இதய, சிறுநீரக வருத்தத்துக்காக இவ்வளவுதான் குடிக்க வேண்டும் என்று டொக்டர் அளவு சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவில் நில்லுங்கள்.

விமானம்தான் குற்றவாளி என்று நினைக்க வேண்டாம், அசையாமல் ஒரே இடத்தில் இருப்பதுதான் பிரச்சினை. 1940ல் இலண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து பாதுகாப்பிடங்களில் இரவிரவாகச் சாய்வுக் கதிரைகளில் இருந்தவர்களில் சிலர் இதேபோல் நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்து இறந்தார்கள். கதிரையின் முன்விளிம்பு காலை அழுத்தியதை அப்போதே மருத்துவர்கள் கவனித்தார்கள். நம்முடைய அம்மாமாருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். 160 சென்ரிமீற்றருக்குக் குறைந்த உயரம் என்றால் விமான இருக்கையில் பாதம் தரையில் ஊன்றாது. தொங்கும் கால், முழங்காலின் பின்பக்கத்தை அழுத்தும் விளிம்பு, அப்படியே பல மணித்தியாலம். குட்டையானவர்களுக்கு விமானப் பயணத்தில் ஆபத்து கூடுவதாக ஆய்வுகளிலும் கண்டிருக்கிறார்கள். கால் ஊன்ற ஒரு தட்டையான சின்னப் பையைக் கீழே வையுங்கள். ஆனால் கருவாடும் கஜுவும் அடைத்த பெரிய பையைக் காலடியில் திணித்து, கால் நீட்டும் இடத்தையே இல்லாமல் ஆக்காதீர்கள். அது மேலே தட்டில் இருக்கட்டும்.

சரி, எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்று கணக்குப் பார்த்திருக்கிறீர்களா? மகன் ரிக்கெற்றைப் பார்த்து "பதினாலு மணித்தியாலம்" என்பார். கணக்கை வீட்டு வாசலிலிருந்து தொடங்க வேண்டும். பொலன்னறுவை, ஹபரணை, குருநாகல் என்று கட்டுநாயக்கா விமான நிலையம் போய்ச் சேர வான் வண்டியிலேயே ஏழெட்டு மணித்தியாலம் போய்விடும். அங்கே மூன்று மணித்தியாலம் காத்திருப்பு. டோகாவுக்கோ டுபாய்க்கோ ஒரு பறப்பு, அங்கே திரும்பவும் காத்திருப்பு, அதற்குப் பிறகுதான் ரொறன்ரோவுக்கான அந்தப் பதினாலு. வான் வண்டியை ஹபரணையில் நிறுத்துங்கள். இறங்கி நடந்துவிட்டு ஏறுங்கள். இங்கிலீஷ் தெரியாது என்பதற்காக நன்றாக நடக்கக்கூடிய அம்மாவுக்கும் பிள்ளைகள் சக்கர நாற்காலி பதிவு செய்கிறார்கள். வழிகாட்ட ஆள் கிடைப்பது நல்லதுதான். ஆனால் இடைத்தங்கலில் அதிலேயே குந்தியிருக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

பயமுறுத்த இதை எழுதவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2007ல் வெளியிட்ட ஆய்வின்படி, 4 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட விமானப் பயணத்தில் ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேருக்கு ஒருவருக்குத்தான் இப்படி நேர்கிறது. ஆனால் முன்பு இரத்தக் கட்டி வந்தவர், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர், புற்றுநோய்க்காரர், கர்ப்பிணி, பிள்ளை பெற்று ஆறு கிழமை ஆகாதவர், குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை பாவிப்பவர், உடற்பருமன் கூடியவர் ஆகியோர் அந்தக் கணக்கில் ஆறுதல் அடைய முடியாது. ரிக்கெற் போட முதல் வந்து கதையுங்கள். பெட்டி கட்டிய பிறகு வராதீர்கள்.

நடைபாதைப் பக்க இருக்கை கேளுங்கள். இருந்தபடியே குதிக்காலை ஊன்றி விரல்களைத் தூக்குங்கள், பிறகு விரல்களை ஊன்றிக் குதிக்காலைத் தூக்குங்கள். கெண்டைக்கால் இறுகித் தளர்வது கைக்குத் தெரிய வேண்டும். நித்திரைக் குளிசை வேண்டாம். பாவாடை நாடாவை இடுப்பு வெட்டும்படி இறுக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த அஸ்பிரினைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், இதற்கு அது மருந்தல்ல. அழுத்தக் காலுறை ஆபத்துக் கூடியவர்களுக்கு நல்லது, ஆனால் அளந்து வாங்க வேண்டும். காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களும் உணர்ச்சி குறைந்த நீரிழிவுக்காரரும் கேட்காமல் போடக்கூடாது. இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டியோடு போட்டால் உறைந்து கெட்டுப்போகலாம். கிளினிக் கொப்பியும் அதோடு இருக்கட்டும்.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வெளிநாட்டிலிருந்து மாமாங்கம் கோயிலுக்கு வருகிறவர்களுக்கும் உம்ரா முடித்து வருகிறவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். இரண்டு பாதமும் சமமாக வீங்கினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் வற்றிவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் நொந்து, சூடாகவோ சிவப்பாகவோ இருந்தால் தயவுசெய்து உருவாதீர்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்கு வாருங்கள். பயணம் முடிந்து சில கிழமை கழித்தும் இது வரலாம். மூச்சு முட்டல், நெஞ்சு நோ, இருமலில் இரத்தம், மயக்கம் என்றால் முச்சக்கர வண்டி தேடி நிற்காமல் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வந்து பார்க்கும் டொக்டர் கேட்காவிட்டாலும் எப்போது விமானத்தில் வந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.