கொள்ளைநோயா, பெருந்தொற்றா?

காயப்போட்ட நெல்லில் ஆடு வாய் வைத்தால் எங்கள் ஆச்சி கம்போடு ஓடி வருவாள்: "கொள்ளையில போவ!" திருநெல்வேலிச் சீமையில் இதற்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொரு வசவு, "பேதியில போவான்". பேதி என்றால் வாந்திபேதி, காலரா. கொள்ளை என்றால் கொள்ளைநோய். ஒரு நோயின் பெயர் வசவாகவே தங்கிவிட்டது என்றால், அது எத்தனை வீடுகளைப் பூட்டவைத்திருக்க வேண்டும்! 1809 முதல் 1811 வரை திருநெல்வேலி, மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர்ப் பக்கம் பரவிய காய்ச்சலை விசாரிக்கக் கும்பினி அரசு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, மருத்துவர் குழுவையே அமைத்தது. அப்புறம் காலராவும் பரவியது.

'கொள்' என்ற வினையிலிருந்து வந்தது கொள்ளை. பறித்துக்கொள்வது ஒரு பொருள். மிகுதி இன்னொரு பொருள். "கொள்ளை அழகு" என்கிறோமே, அது. ஏராளமான பேரை வாரிக்கொண்டு போகும் நோய் கொள்ளைநோய். இரண்டு பொருளும் அதற்குள் இருக்கின்றன.

ஆங்கிலத்தில் சொல்லும் 'பேண்டமிக்' கிரேக்கத்திலிருந்து வந்தது. 'பான்' என்றால் எல்லாம், 'டெமோஸ்' என்றால் மக்கள். 2020 மார்ச் 11-ல் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை இந்தப் பெயரால் குறித்தது. தமிழில் 'பெருந்தொற்று' என்று எழுதினோம். நல்ல சொல்தான். பஸ் படிக்கட்டில் தொத்திக்கொண்டு போகிறோமே, அதே தொற்றுதல். கிருமி ஆளுக்கு ஆள் தொத்துவது கண்ணில் தெரிகிறது.

ஆனால் அந்தச் சொல் கிருமியோடு நின்றுவிடுகிறது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் மாமாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், பாளையங்கோட்டையில். 2020 ஊரடங்கில் பஸ் நின்றது. ஒரு தடவை வாடகைக் காரும் கிடைக்கவில்லை. இரண்டு நாளில் கால் வீங்கி, விரலால் அமுக்கிய இடம் குழியாகவே நின்றது. படுத்தால் மூச்சு முட்டும் என்று ராத்திரி முழுக்க நாற்காலியிலேயே இருந்தார். அவருக்குக் கொரோனா வரவே இல்லை.

உலகம் முழுக்க இதே கதை. புதிதாகக் காசநோய் கண்டறியப்பட்டவர்கள் 2019-ல் 71 லட்சம் பேர், 2020-ல் 58 லட்சம் பேர். நோய் குறையவில்லை. சோதிக்க வேண்டிய ஆட்களும் கருவிகளும் கொரோனாவுக்குப் போனார்கள். இருமிக்கொண்டிருந்தவர்கள் வீட்டைவிட்டு வரவில்லை. தொற்றாதவருடைய கட்டிலையும் நர்ஸையும் மாத்திரையையும் சேர்த்துப் பறித்துக்கொண்டு போவதற்குக் கொள்ளை என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. பரவலைச் சொல்லப் பெருந்தொற்று இருக்கட்டும். நாட்டின் மருத்துவத்துக்கு நேர்வதைச் சொல்லக் கொள்ளைநோய் வேண்டும்.

அடுத்த கொள்ளைநோய்க்கு ஆயத்தமாவதைத் 'தயார்நிலை' என்கிறார்கள். அதில் வேலை செய்கிற ஆள் தெரியவில்லை. 'முன்னேற்பாடு' என்பேன். ஐப்பசி மழைக்கு முன்னால் குளத்து மடையைப் பார்த்து, கரை இளகிய இடத்தில் மண் போடுகிறார்களே, அந்த மாதிரி. எந்தத் தெருவில் யாருக்கு டயாலிசிஸ், யாருக்குக் காசநோய் மாத்திரை என்ற பட்டியல் கிராம செவிலியர் கையில் இப்போதே இருக்க வேண்டும். ஊரடங்கு அறிவிக்கிற அன்றைக்கே மாமா வீட்டு வாசலில் வண்டி வந்து நிற்க வேண்டும்.