உயிர்ப்புவியியலா, உயிர்ப்பரவலியலா?

'பயோஜியாகிரபி' கிரேக்கக் கூறுகளால் ஆன சொல். 'பயோஸ்' உயிர்வாழ்வையும், 'கே' நிலத்தையும், 'கிராஃபைன்' எழுதுதலையும் குறிக்கும். ஓர் உயிரினம் இன்று எங்கே வாழ்கிறது, முன்பு எங்கெல்லாம் வாழ்ந்தது, மற்ற இடங்களில் ஏன் இல்லை என்று ஆராயும் துறைக்கு இது பெயர். தமிழில் 'உயிர்ப்புவியியல்' என்கிறோம். பிழையில்லாத சொல்தான்; ஆயினும் மூலச்சொல்லின் உறுப்புகளைப் பெயர்த்ததோடு அது நின்றுவிடுகிறது. 'உயிர்ப்பரவலியல்' என்பதே பொருளுக்கு நெருக்கமானது என்பது என் கருத்து.

காரணம், 'பரவு' என்னும் வினை. கொடி பரவும், நீர் பரவும், தீ பரவும். எதையும் ஒருவர் கையால் எடுத்து வைப்பதில்லை. (தேவாரம் ஓதுவோர்க்கு 'பரவு' போற்றுதலையும் நினைவூட்டும், இடம்நோக்கிப் பொருள் கொள்ளலாம்.) 'டிஸ்ட்ரிபியூஷன்' என்பதற்குப் 'பகிர்மானம்' என்று எழுதினாலோ, தோட்டத்துக் கடையில் தலைக்கணக்குப் பார்த்து அரிசி அளந்து போட்டதுபோல, யாரோ உயிரினங்களை நாடுதோறும் பங்கிட்டார்கள் என்றே தோன்றும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. நாம் பால்மரம் என்னும் ரப்பர், அமேசான் காட்டுக்குரியது. 1876இல் விதைகளாக லண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்று, அங்கு முளைத்த நாற்றுகளாக 1877இல் சிங்கப்பூர் வந்து, பக்கத்து ஊரான கோலகங்சாரிலும் நடப்பட்டது. செம்பனை என்னும் எண்ணெய்ப்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. அதன் பூவுக்கு உரிய பூச்சி உடன் வராததால், தொழிலாளர்கள் மகரந்தப் பொடியைக் குலைகளில் கையால் தூவ வேண்டியிருந்தது. 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்ட பின்னரே அந்த வேலை ஓய்ந்தது. மரங்கள் புகுத்தப்பட்டவை, வண்டும் புகுத்தப்பட்டதுதான், ஆனால் விட்ட இடத்திலிருந்து தானே பரவவும் செய்தது.

ஓர் உயிரினம் காணப்படும் நிலப்பரப்பு முழுவதையும் குறிக்கும் 'ரேஞ்ச்' என்பதைப் 'பரவலெல்லை' எனலாம். அதை 'வாழிடம்' என்பதோடு குழப்பக் கூடாது. முதுகில் வெள்ளைத் துணி போர்த்தியதுபோல் நிற்கும் தெனுக்கு என்னும் விலங்கின் (ஆங்கிலத்தில் 'டேப்பிர்') வாழிடம் மழைக்காடு. பரவலெல்லை மியன்மார், தாய்லாந்து, தீபகற்ப மலேசியா, சுமாத்திரா. அதன் நெருங்கிய உறவினங்களோ நடு அமெரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் வாழ்கின்றன. இடையே கடலளவு வெற்றிடம். ஐரோப்பாவிலும் சீனாவிலும் வட அமெரிக்காவிலும் கிடைத்த தெனுக்கினப் புதைபடிவங்களே, அங்கெல்லாம் அவ்வினம் வாழ்ந்து அற்றுப்போனதைக் காட்டி அவ்வெற்றிடத்தை விளக்குகின்றன.

இவ்வாறு புதைபடிவங்களைக் கொண்டு பரவலை ஆராய்வதைத் 'தொல்லுயிர்ப்பரவலியல்' எனலாம். ஓராங் ஊத்தான் இன்று போர்னியோவிலும் சுமாத்திராவிலும் மட்டுமே காட்டில் வாழ்கிறது. ஆனால் அதன் பற்களின் புதைபடிவங்கள், தைப்பூசத்துக்கு நாம் செல்லும் பத்துமலைச் சுண்ணாம்புக் குன்றின் குகையொன்றில் கிடைத்துள்ளன. பனியூழியில் கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது, பத்துமலை நிற்கும் தீபகற்ப மலேசியாவும் அவ்விரு தீவுகளும் ஒன்றாக இணைந்திருந்தன. இன்றைய பரவலெல்லையை வரைந்தால் பத்துமலை அதற்கு வெளியே நிற்கும். தொல்லுயிர்ப் பரவலெல்லையை வரைந்தால் கோட்டுக்குள் வந்துவிடும்.