ஒரு அங்குலமா, ஒன்றேகால் அங்குலமா? வேட்டைத் துவக்குக்கு வார் பூட்டும் முன்

ஒக்ரோபர் பிறந்தால் துவக்கு திருத்தும் என் பட்டறைக்கு வருபவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு பை இருக்கும். உள்ளே விலைச்சீட்டுக்கூடக் கழற்றாத தோள்வார். ஒன்ராறியோவின் பல பகுதிகளில் நவம்பர் தொடக்கத்தில் மான் வேட்டை. அதற்கு இரண்டு கிழமை இருக்கும்போதுதான் எல்லாருக்கும் வார் ஞாபகம் வரும். "இது பூட்டுதில்லை, ஒருக்கால் பாருங்கோ" என்பார்கள். வாரில் பிழை இராது. துவக்கில் அதைக் கொளுவ இடமே இராது, இருந்தாலும் வேறு அளவாக இருக்கும்.

போன பருவத்தில் ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி வந்தார். நம்மவர்களில் இப்போது வேட்டை உரிமம் எடுக்கிற இளம் ஆட்களைக் காண்கிறேன், அந்த வகை. கூட வேலை செய்த வெள்ளைக்காரப் பெரியவர் ஓய்வு பெறும்போது தன் .303 ரைபிளை முறைப்படி இவருக்கு விற்றிருக்கிறார். தோட்டா இல்லை என்று பார்த்து, குழலின் பின்புறத்தை மூடும் போல்ட்டைக் கழற்றி, உறையில் போட்டுக் கொண்டுவந்தார். அதற்காகவே ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். எல்லாரும் அப்படி வருவதில்லை.

"அண்ணை, வார் அறுந்து துவக்கு கல்லில விழுந்திட்டுது."

"வார் அறேல்லைத் தம்பி. ஆணிதான் மரத்தோட கழண்டு வந்திருக்கு."

பின்பக்கத்தில் இன்னொரு கூத்து. பழைய இராணுவ வளையத்தில் புது வாரின் கொளுவி ஏறவில்லை என்று நடுவில் ஒரு சாவி வளையத்தைக் கோத்திருந்தார். நாலு கிலோவளவு இரும்பும் மரமும் சாவி வளையத்தில் தொங்கியபடி காட்டுக்குள் அரை நாள் நடந்திருக்கின்றன. விழுந்தபோது உள்ளே தோட்டா இருக்கவில்லை. கம்பி வேலி தாண்டுவதற்காகச் சற்று முன்தான் வெறுமையாக்கினாராம்.

அந்தத் துவக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லீ-என்ஃபீல்ட் நம்பர் 4, பழைய இராணுவ ரைபிள். இரும்பில் லோங் பிரான்ச் முத்திரை. ரொறன்ரோவுக்கு மேற்கே ஏரிக்கரையில் இருந்த அந்த அரசாங்கத் தொழிற்சாலை 1941இலிருந்து இந்த ரைபிளை லட்சக்கணக்கில் செய்தது. அதன் பரிசோதனைக் கட்டடம் மிஸிஸாகாவில் இன்றும் நிற்கிறது, இப்போது கலை நிகழ்ச்சிகள் நடக்கும் இடம். 1947இல் தொடங்கிய கனேடிய ரேஞ்சர்கள் என்ற இராணுவப் பிரிவினர் வடதுருவப் பக்கத்தில் எழுபது வருடமளவு இதே நம்பர் 4ஐத்தான் தோளில் போட்டுத் திரிந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிச்சமானவை மலிவாக விற்கப்பட்டன. வாங்கியவர்கள் குழலுக்குக் கீழே ஓடும் மரமான முன்கட்டையின் நீளத்தை வாளால் அறுத்துக் குறைத்து மான் துவக்கு ஆக்கினார்கள். ஒன்ராறியோக் கிராமங்களில் இப்படி அறுத்த லீ-என்ஃபீல்ட் இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கும்.

சிக்கல் அந்த வாள் போன இடத்தில். இராணுவம் கொடுத்தபோது முன் வளையம் குழலையும் மரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் நடு இரும்புப் பட்டையில் இருந்தது. பட்டைக்கு முன்னால் அறுத்தவர்களுக்கு வளையம் தப்பியது. பின்னால் அறுத்தவர்களுக்குப் பட்டையும் போனது, வளையமும் போனது. பிறகு யாரோ ஒருவர் கடையில் ஒரு ஸ்டட் வாங்கி, மிஞ்சிய மரத்தில் முறுக்கிவிடுவார். ஸ்டட் என்பது தலையில் குறுக்குத் துளையுள்ள சிறு இரும்புக் குமிழ். அதில் கொளுவும் சுழல் வளையத்துக்குச் சுவிவல் என்று பெயர். வார் சுவிவலைப் பிடிக்கிறது, சுவிவல் ஸ்டட்டைப் பிடிக்கிறது, ஸ்டட் மரத்தைப் பிடிக்கிறது. சனம் எண்பது டொலருக்குத் தோல்வார் வாங்கி, கடைசிப் பிடியை அரை அங்குலம்கூட இல்லாத மரத்தில் மரத்திருகாணியாக விட்டுவிடுகிறது.

பின்கட்டைக்குச் செய்தது மரத்திருகாணி, முன்கட்டைக்குச் செய்தது இயந்திரத் திருகாணி. பார்வைக்கு இரண்டின் தலையும் ஒன்று. பின்கட்டையில் தடித்த மரம் இருப்பதால் கூர்த்திருகாணி நன்றாகக் கடித்து நிற்கும். முன்கட்டையின் அடிப்பாகம் மெல்லியது. அங்கே மரத்தை ஊடறுத்துத் துளைத்து, குழல் கிடக்கும் வாய்க்காலுக்குள் ஒரு நட்டைப் புதைத்து, கீழேயிருந்து ஸ்டட்டை முறுக்க வேண்டும். அமெரிக்கச் சாமான்களில் அதன் மரை வழமையாக 10-32 என்ற அளவு. ஒரே பெட்டியில் இரண்டு ஸ்டட்டும் வரும். அவசரத்தில் மாற்றிப் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

நட்டு புதைத்தாலும் வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. திருகாணியின் முனை வாய்க்காலுக்குள் ஒரு மயிரிழை நீட்டினால் குழலைத் தொடும். தொட்டால் குண்டு போகும் இடம் மாறும். ஸ்கோப்பைக் குறை சொல்லி, தோட்டாவைக் குறை சொல்லி, மூன்று பெட்டி சுட்டுத் தீர்த்த பிறகு என்னிடம் வந்த ஒருவருக்கு நான் செய்த வைத்தியம் அரத்தால் நாலு இழுவை. குழல் மரத்தைத் தொடாமல் நிற்கும் துவக்கு என்றால், ஒரு ஐந்து டொலர் நோட்டைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில் விட்டு இழுத்துப் பாருங்கள். ஸ்டட் இருக்கும் இடத்தில் நோட்டு தடக்கினால் காரணம் அங்கேதான். மலிவான பிளாஸ்ரிக் கட்டைகளில் இன்னொன்றும் உண்டு. வாரைக் கையில் சுற்றி இறுக்கிப் பிடித்துச் சுட்டால் முன்கட்டையே வளைந்து குழலை முட்டும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. வாரை இறுக்காமல் சுடுங்கள், அல்லது கட்டையை மாற்றுங்கள்.

இனி அளவுக் கதை. கடையில் கேட்கப்படும் முதல் கேள்வியும் இதுதான்: ஒரு அங்குலமா, ஒன்றேகாலா? இது சுவிவல் வளையத்தின் உள்ளகலம், அதாவது வார் நுழையும் இடம். வேட்டைத் துவக்குகளில் ஒரு அங்குலம் அதிகம், இராணுவத்திலிருந்து வந்தவற்றில் ஒன்றேகால். ஒடுங்கிய வாரை அகன்ற வளையத்தில் போட்டால் அங்குமிங்கும் ஓடிச் சத்தம் போடும், அவ்வளவுதான். அகன்ற வாரை ஒடுங்கிய வளையத்துக்குள் திணித்தால் ஓரம் சுருண்டு, தேய்ந்து, ஒரு பருவத்தில் நார் கிளம்பிவிடும். அடிக்கோலை எடுத்து அளக்க அரை நிமிடம் போதும். ஆனால் வளையத்தின் அகலம் பொருந்துவது ஒரு பொருத்தம், சுவிவல் ஸ்டட்டில் பொருந்துவது வேறொரு பொருத்தம். முதலாவதை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள்.

கழற்றிப் பூட்டும் சுவிவலில் ஒரு சிறு ஊசி ஸ்டட்டின் துளைக்குள் போய் மறுபக்கம் வர வேண்டும். துளை சிறிதாக இருந்தால் ஊசி பாதியில் நிற்கும். மேலே பார்த்தால் பூட்டியது மாதிரியே தெரியும். ஸ்டட்டின் தலை தடித்திருந்தால் சுவிவல் இறுகிப்போய்ச் சுழலாது. சுழலாத சுவிவல் ஒரு நெம்புகோல், நீங்கள் நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் மரத்தில் இருக்கும் ஸ்டட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டிருக்கும். பூட்டிய பிறகு விரலால் தட்டினால் தங்குதடையின்றி ஆட வேண்டும், ஆனால் கடகடக்கக் கூடாது. பெயர் பெற்ற கொம்பனிகளுக்குள்ளும் ஒத்துப்போகாதவை இருக்கின்றன. பழைய பின்லாந்துச் சாக்கோ ரைபிள்களுக்குத் தனி வகைச் சுவிவல், சாதாரண அமெரிக்கச் சுவிவல் அதில் பொருந்தாது. ஜேர்மன் புளேசருக்கென்றும் தனியாக விற்பார்கள். பழைய சாக்கோவை யாரிடமாவது வாங்கினால், "சுவிவல் எங்கே?" என்று விலை பேசும்போதே கேளுங்கள். அது இல்லாமல் வாங்கிவிட்டுப் பிறகு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

வார்ப்பு உலோகத்தில் செய்த மலிவுச் சுவிவல்களை நான் பட்டறையில் வைத்திருப்பதே இல்லை. உடைந்த ஒன்றை மட்டும் மேசையில் வைத்திருக்கிறேன், காட்டுவதற்கு. உடைந்த முகத்தில் சீனி மாதிரிப் பருக்கை தெரியும்.

முன்கட்டையில் ஸ்டட் போடவே முடியாத துவக்குகளோடும் வருகிறார்கள். நெம்பு இழுக்கும் வின்செஸ்டர் 94, மார்லின் 336 போன்றவற்றில் குழலுக்குக் கீழே தோட்டாக் குழாய் ஓடுகிறது. அங்கே மரத்தைத் துளைத்துத் திருகாணி விட்டால் அது போய்க் குத்துவது அந்தக் குழாயில். குழாய் நெளிந்தால் தோட்டா வழுக்கி வராது. அவற்றுக்குக் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை வாங்க வேண்டும், அதுவும் குழாயின் வெளிவிட்டத்தை வேணியர் கருவியால் அளந்த பிறகு. பம்ப் துவக்குகளில் முன்கட்டை முன்னும் பின்னும் ஓடும் பகுதி, அதில் வாரைக் கட்டினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தோட்டாக் குழாயின் மூடியை ஸ்டட் உள்ள மூடியாக மாற்றுவதுதான் அங்கே வழி. ரெமிங்டன் மூடி மொஸ்பேர்க்கில் ஏறாது. ஒரே ரெமிங்டன் 870 மாதிரியில்கூட 12 கேஜ் குழலுக்கும் 20 கேஜ் குழலுக்கும் மூடி வேறு.

ஐரோப்பியத் துவக்குகளிலும் பெரிய மிருகங்களுக்கான ரைபிள்களிலும் முன் வளையம் குழலிலேயே இருப்பதைப் பார்த்து, "இது ஏன் இவ்வளவு முன்னுக்கு?" என்று கேட்பார்கள். பின்னுதை பலமான ரைபிளில் முன்கட்டையில் ஸ்டட் இருந்தால், சுடும்போது அது பின்னோக்கி வந்து பிடித்திருக்கும் விரலைப் பதம் பார்க்கும். குழலில் வைத்தால் கை தப்பும். தோளில் போடும்போது துவக்கின் வாயும் கொஞ்சம் கீழே இறங்கி நிற்பதால் மரக்கிளையில் மாட்டாது. அந்த வளையம் ஈயப்பற்றில் நிற்பது. விட்டுப்போனால் வீட்டில் சுவாலை பிடித்து ஒட்ட வேண்டாம், தயவுசெய்து. குழலுக்கு எவ்வளவு சூடு போகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

புதுத் துவக்குகளில் குமிழ் இல்லாமல், கட்டைக்குள் புதைந்த ஒரு கிண்ணமும் அதற்குள் அழுத்திப் பூட்டும் பொத்தானும் வருகின்றன. எனக்குப் பிடித்த ஏற்பாடு, ஒரு குறையைத் தவிர. பனி. கிண்ணத்துக்குள் ஈரம் போய் உறைந்தால் உள்ளே இருக்கும் சிறு குண்டுகள் முழுதாக வெளியே தள்ளாது. டிக் என்று கேட்கும், ஆனால் பூட்டியிராது. கையுறையோடு நிற்கும்போது வித்தியாசம் விளங்காது. அழுத்திய பிறகு ஒருமுறை பலமாக இழுத்துப் பார்த்துவிட்டுத் தோளில் போடுங்கள்.

எங்கள் ஊரில் துவக்கு வைத்திருந்த ஒருவர் அதைக் கத்தாளை நார்க் கயிற்றில் கட்டித் தோளில் போட்டுத் திரிந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஸ்டட்டும் இல்லை, சுவிவலும் இல்லை. குழலில் ஒரு சுற்று, பின்கட்டையின் கழுத்தில் ஒரு சுற்று, முடிச்சு. அது விழுந்து நான் பார்த்ததில்லை. அழகு பார்க்காமல் பூட்டியதை அவர் தினம் தொட்டுப் பார்ப்பார்.

வார் பூட்டியதும் இரண்டு கையும் விடுதலை என்று நினைப்பவர்களிடம் ஒன்று சொல்வேன். இங்கே துவக்குப் பாதுகாப்பு வகுப்பில் முதல் சொல்லித்தருவது, எந்தத் துவக்கையும் தோட்டா உள்ளதாகவே நினை என்பது. இரண்டாவது, வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை எப்போதும் உன் கட்டுப்பாட்டில் வை. தோளில் தொங்கும் துவக்கின் வாய் நீங்கள் குனியும்போது பின்னால் வருகிறவரின் முகத்தைப் பார்க்கும். பாறை ஏறவோ, வேலி தாண்டவோ, மரத்துப் பரணில் ஏறவோ வாரை நம்ப வேண்டாம். வெறுமையாக்குங்கள், பரணுக்குக் கயிற்றில் தனியாக ஏற்றுங்கள்.

தம்பியின் துவக்குக்கு வருவோம். முன்னால் பிய்ந்த துளையைச் சதுரமாகச் சுத்தம் செய்து, வால்நட் மரத்தில் ஒரு முளை சீவி, எபொக்சியில் ஒட்டினேன். நெருப்புக்குச்சியும் வெள்ளைப் பசையும் வைத்து அடைத்துக் கொண்டுவருவார்கள், அது அடுத்த மழைக்குத் தாங்காது. ஒரு நாள் காயவிட்டு, சற்றுத் தள்ளி ஊடறுத்துத் துளைத்து, உள்ளே நட்டைப் புதைத்து, மிஞ்சிய திருகாணியை அரத்தால் மட்டமாக்கினேன். நோட்டு தடக்காமல் ஓடியது.

பின்னால் ஒரு புது ஸ்டட் போடச் சொன்னார். வழமையாகக் கட்டையின் கீழ்முனையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை அங்குலம் உள்ளே துளைப்பது. துளைப்பான் அலகில் ஆழத்துக்கு ஒட்டுநாடா சுற்றி, திருகாணிக்குச் சவர்க்காரம் பூசி முறுக்கினால் வால்நட் வெடிக்காது. ஆனால் லீ-என்ஃபீல்ட்டின் பின்கட்டைக்குள் நீளவாக்கில் ஒரு பெரிய துளை உண்டு. கட்டையைப் பிடிக்கும் நீண்ட போல்ட்டை இறுக்கவும், எண்ணெய்ப் போத்தலும் துடைக்கும் கயிறும் வைக்கவும் இருக்கிற இடம். தெரியாமல் அதற்கு நேரே துளைத்தால் திருகாணி வெற்றிடத்தில் தொங்கும். ஆகவே அந்தப் பழைய இராணுவ வளையத்தை விட்டுவிட்டேன். இரண்டு திருகாணியில் எண்பது வருடம் ஆடாமல் நிற்கிறதை நான் ஏன் கழற்ற வேண்டும்? முன்னால் ஒன்றேகால் அங்குலச் சுவிவல், நேராக வளையங்களுக்குள் கோத்த ஒன்றேகால் அங்குலக் கன்வஸ் வார். கொளுவி இல்லை, பொத்தான் இல்லை.

கொடுக்கும் முன் எல்லாத் துவக்கையும் ஒருமுறை தொங்கவிடுவேன். கீழே பழைய மெத்தை. துவக்கை வாரில் கொளுவி, அதோடு ஒரு பத்துக் கிலோ அரிசிப் பையைக் கட்டிக் கால் மணி நேரம் விட்டு, இடைக்கிடை குலுக்கிப் பார்ப்பது. தம்பி சிரித்தார். அரிசி எந்தக் கடையில் வாங்கியது என்றும் கேட்டார்.

"அப்ப நான் வாங்கின வார்?"

"கமராப் பைக்குப் போடுங்கோ. நல்ல வார்."

சாவி வளையத்தையும் கையில் கொடுத்தேன். கார்ச் சாவியை அதில் கோத்துக்கொண்டு போனார்.