பால் குறைந்தால் தீவனத்துக்கு முன் மடியைச் சோதியுங்கள்

ஐப்பசி அடைமழைக் காலத்தில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. மூன்றாம் ஈத்துக் கலப்பின ஜெர்சி மாடு. கன்று ஈன்று மூன்று மாதம் ஆகியிருந்தது. இரண்டு வாரமாக வேளைக்கு ஒன்றரை லிட்டர் குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். மாடு நன்றாகத் தின்றது, அசை போட்டது, காய்ச்சல் இல்லை. மடியில் வீக்கமோ சூடோ இல்லை. பாலில் திரியும் இல்லை. வீட்டார் அதற்குள் புண்ணாக்கை மாற்றி, தாது உப்புக் கலவை வாங்கிப் போட்டு, திருஷ்டியும் கழித்திருந்தார்கள். அந்த அம்மாவை உறுத்தியது வேறொன்று. பால் ஊற்றும் இடத்தில் கொழுப்பற்ற திடப்பொருள் (நீரும் கொழுப்பும் போகப் பாலில் மிஞ்சும் சர்க்கரை, புரதம், உப்புகள்) 7.9 சதவீதம் என்று வந்ததால், தண்ணீர் கலந்தீர்களா என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார்கள். பசும்பாலுக்குச் சட்டப்படி இருக்க வேண்டிய குறைந்த அளவு 8.3 சதவீதம்.

நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே சோதித்தேன். சோதனைத் திரவம் சேர்ந்ததும் வலப்பக்கத்து இரண்டு காம்புகளின் பால் வெந்தயம் ஊறிய நீர்போலக் கொழகொழத்தது. அவர் தண்ணீர் கலக்கவில்லை. மாட்டுக்கு மறைமுக மடிநோய்.

வெளிப்படையான மடிநோயை எல்லோரும் அறிவார்கள்: மடி கல்லாக இறுகும், பால் திரிந்து வரும், தொட்டால் மாடு உதைக்கும். மறைமுக மடிநோயில் இவை எதுவும் தெரியாது. தொற்றில்லாத மடியின் பாலில் ஒரு மில்லிலிட்டருக்கு உடற்செல்கள் பொதுவாக ஒரு லட்சத்துக்கும் குறைவாகவே இருக்கும். இரண்டு லட்சத்தைத் தாண்டினால் அந்த மடிப்பகுதியில் தொற்று இருப்பதாக ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். இப்படிக் கூடும் செல்களில் பெரும்பாலானவை, காம்புத் துளை வழியே நுழைந்த கிருமிகளை எதிர்க்க இரத்தத்திலிருந்து வந்த வெள்ளணுக்கள். இந்தப் போராட்டத்தில் பால் சுரக்கும் செல்களும் சேதமடைகின்றன.

பால் அளவு குறைவதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. பாலில் எவ்வளவு நீர் சேரும் என்பதைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பது லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை. சுரப்புச் செல்கள் அதை உண்டாக்க உண்டாக்க, அது நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. செல்கள் நலிந்தால் சர்க்கரை குறையும், சர்க்கரை குறைந்தால் நீர் குறையும், பாலும் குறையும். அந்தக் குறையை ஈடுகட்ட இரத்தத்திலிருந்து சோடியமும் குளோரைடும் பாலுக்குள் கசிகின்றன. மடிநோய்ப் பால் உப்புக் கரிப்பது இதனால்தான். சர்க்கரை குறைவதால் கொழுப்பற்ற திடப்பொருளும் சரிகிறது. கேசீன் புரதத்தை நொதிகள் சிதைத்துவிடுவதால் உறை ஊற்றினாலும் தயிர் கட்டியாக நிற்காது. ‘இப்போதெல்லாம் தயிர் சரியாகத் தோயவில்லை’ என்று யாராவது சொன்னால், பானையை விட்டுவிட்டு மாட்டின் மடியைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பேன்.

மடியின் நான்கு பகுதிகளும் ஒன்றோடொன்று கலக்காத தனித்தனிச் சுரப்பிகள். ஒன்றில் தொற்று இருந்தாலும் நான்கின் பாலும் ஒரே வாளியில் விழும்போது கெட்டது நல்லதில் கரைந்து மறைந்துவிடும். எனவே சோதனையைக் காம்பு வாரியாகவே செய்ய வேண்டும்.

அதற்கு ஆய்வகம் தேவையில்லை. 1957இல் கலிஃபோர்னியாவில் ஷால்ம், நூர்லாண்டர் என்ற இருவர் வகுத்த சோதனைதான் இன்றும் உலகெங்கும் தொழுவங்களில் நடக்கிறது. நான்கு குழிகள் கொண்ட தட்டில் காம்புக்கு ஒரு குழியாகச் சிறிது பாலைப் பீச்சி, அதே அளவு சோதனைத் திரவம் சேர்த்துச் சுழற்றினால், சில விநாடிகளில் விடை தெரியும். திரவத்திலுள்ள சோப்புத்தன்மை செல்களின் உறையைக் கரைக்க, உள்ளிருந்து வெளிப்படும் மரபுப்பொருள் பாலைக் கூழாக்குகிறது. செல்கள் கூடக்கூடக் கூழ் தடிக்கும். பாகிஸ்தானின் ஃபைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தார் இதே தத்துவத்தைத் துணி துவைக்கும் தூளைக் கொண்டு எளிமையாக்கினார்கள். அரை லிட்டர் நீரில் 15 கிராம் தூளைக் கரைத்தால் 3 சதவீதக் கரைசல் கிடைக்கும். அதையும் பாலையும் சம அளவு கலந்து ஒரு நிமிடம் சுழற்றினால் போதும்; சோதித்த பாலைக் கொட்டிவிட வேண்டும். ஈன்ற முதல் சில நாள் சீம்பாலிலும், பால் வற்றும் தறுவாயிலும் நோயில்லாமலேயே கூழாகலாம் என்பதை மட்டும் நினைவில் கொள்ளவும். மற்றக் காலங்களில் மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

கறந்து முடித்த பின் காம்புத் துளை உடனே மூடிக்கொள்வதில்லை. அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு சாணத்திலும் மூத்திரத்திலும் படுத்தால் கிருமிகளுக்கு வாசல் திறந்துவிட்டதுபோல ஆகும். பசுந்தீவனத்தைக் கறவைக்குப் பின் போடச் சொல்வது மாடு நின்று தின்னட்டும் என்பதற்காக. ஒவ்வொரு கறவைக்குப் பின்னும் காம்பை 0.5 சதவீத அயோடின் கரைசலில் முக்கி எடுப்பது அதைவிட முக்கியம். இங்கிலாந்தில் ரீடிங் நகருக்கு அருகே இருந்த தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனம் 1960களில் நடத்திய கள ஆய்வுகளிலிருந்து உலகெங்கும் பரவிய பழக்கம் இது. புதிய தொற்றுகளை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கவல்லது. நாளுக்குச் சில ரூபாய்தான் செலவு. ஆயினும் நான் போகும் பத்து வீடுகளில் ஒன்றில்கூட இதைத் தொடர்ந்து செய்வதாகத் தெரியவில்லை. கட்டைவிரலை மடக்கிக் காம்பை இழுப்பதும், பால் நுரையைத் தொட்டுக் காம்பில் தடவிக்கொள்வதும் மட்டும் தவறாமல் நடக்கின்றன. முன்னது காம்பின் உட்புறத்தைப் புண்ணாக்கும். பின்னது ஒரு காம்பின் கிருமியை அடுத்ததற்குக் கொண்டுபோகும். தொற்றுள்ள மாட்டைக் கடைசியில் கறந்தாலே ஓரளவு பரவல் நிற்கும்.

சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அதை மருத்துவர் மாட்டைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். மறைமுக மடிநோய்க்குக் கண்ட ஆன்டிபயாட்டிக் குழாயைக் கடையில் வாங்கிக் காம்புக்குள் ஏற்றுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமிகள் மடித் திசுவுக்குள் ஒளிந்துகொள்வதால் கறவைக் காலத்தில் மருந்துக்கு முழுதாக அடங்குவதில்லை. மருந்தின் எச்சமோ குழந்தைகள் குடிக்கும் பாலில் சேர்ந்துவிடுகிறது. அடுத்த ஈற்றுக்கு முன் கறவையை நிறுத்தும் 60 நாள் வற்றுக்காலமே பல தொற்றுகளை அகற்ற ஏற்ற பருவம். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்துப் பூசும் மூலிகை முறையைத் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமும் பரிந்துரைக்கிறது. நானும் சொல்வதுண்டு. பூசிவிட்டோம் என்று சோதனையை நிறுத்திவிடுபவர்களிடம்தான் எனக்கு வருத்தம்.

முதலில் சொன்ன மாட்டுக்குப் பின்வலக் காம்பு மூன்று வாரத்தில் தெளிந்தது. முன்வலக் காம்பு அந்த ஈத்து முழுவதும் தேறவில்லை. அழிந்த சுரப்புத் திசு இருந்த இடத்தில் தழும்புத் திசு வளர்ந்துவிட்டிருந்தது. வற்றுக்காலத்தில் மருந்து ஏற்றினோம். அடுத்த ஈற்றில் நான்கு காம்புகளிலும் கூழ் கட்டவில்லை, திடப்பொருள் 8.5 என்று வந்த சீட்டை அந்த அம்மா தொழுவத்துக் கம்பத்தில் செருகி வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பழைய பாட்டிலில் சோப்புக் கரைசல் தொங்குகிறது.